மலர்க்கொடி போட்ட புரோகிராம்

— வெளையாடாதடி மலரு. இன்னிக்கு விஜயதசமி, மில்லுக்கு மொத லோடு. வாசல்ல நெல்லு டிராக்டருங்க நிக்குது. நீ போட்ட எடமேடை புரோகிராம் தெறக்கவே மாட்டேங்குதுடி.

— சிந்து, அந்த ‘டி’ய கொஞ்சம் கொறச்சிக்கயேன். மஞ்சக்குப்பத்துல பஸ்ஸுல நிக்கிறேன். ஒன் சத்தம் வெளிய வரைக்கும் கேக்குது. பக்கத்துல நிக்கிறவரு என் மீசையவே பாக்குறாரு.

— இரு... அப்பா டிராக்டராண்ட போயிட்டாரு. இப்ப சொல்லு ராஜ். போன்ல ஆரோக்கியராஜ்னு பேரு போட்டா எங்க வீட்ல சும்மா வுடுவாங்களா? அதான் மலர்க்கொடி.

— சரி, சரி. ஸ்கிரீன்ல என்ன வருது?

— ஏதோ ஷேர்டு லைப்ரரிய காணோமாம். இன்னிக்கு ஓடலன்னா கம்ப்யூட்டர தூக்கிக் கடாசிடுவேங்கிறாரு அப்பா. அது போயிடுச்சின்னா, ஒங்கிட்ட பேச நான் என்ன சாக்கு சொல்லுவேன்?

— பயப்படாத. லைப்ரரி போல்டர தெறந்து பாரு.

— பாத்துட்டேன். அது பாட்டுக்கு குந்திகினு இருக்கு. பேருக்குப் பின்னால ஒண்ணு புள்ளி ரெண்டுன்னு போட்டிருக்கு.

— அது மட்டும்தானா? மூணு இருக்கணுமே!

— மூணும் கிட்டத்தட்ட ஒரே பேரா இருந்திச்சி. நேத்து ஆயுத பூஜைக்கு மானிட்டர தொடச்சி பொட்டு வச்சேன். உள்ளாறயும் சுத்தமா இருக்கட்டுமேன்னு ரெண்ட தூக்கிட்டேன்.

— அடிப்பாவி! அது ரெண்டும் பைலே இல்ல, வெறும் பேரு. புரோகிராம் அந்தப் பேர சொல்லித்தான் தேடும். பேரு அத நேரா நெச பைலுங்கிற ஆளுகிட்ட கொண்டாந்து வுடும். பேர அழிச்சிட்டா, ஆளு எதுருலயே நின்னாலும் அதுக்குத் தெரியாது.

— நம்ம மலர்க்கொடி மாதிரி?

— அதேதான். ரூட்டுல, அதான் அட்மினா, உள்ள போயி, எல்டிகான்ஃபிக்னு கமாண்டு அடிச்சி என்டர் தட்டு. புரோகிராம் தேடுற பேரு திரும்பி வந்துடும்.

— இரு... தட்டிட்டேன். ஐ, தெறந்துடுச்சி ராஜ்! எட காட்டுது! ஐயோ, அப்பா வராரு... ரொம்ப தேங்க்ஸ்டி மலரு, வச்சிடறேன்டி.

— யாரும்மா, மலர்க்கொடியா? வைக்காத. நானும் ஒரு வார்த்த பேசணும்.

— அதுக்குத் தொண்ட கட்டியிருக்குப்பா. பேசவே முடியல.

— தெரியும்மா. முந்தாநாளு நீ குளிக்கப் போனப்ப போன் அடிச்சிச்சி, நான்தான் எடுத்தேன். ‘சாப்ட்டியாடி தங்கம்’னு கேட்டுச்சி. ஒண்ணும் பேசாம வச்சிட்டேன். பாவம், அப்பவே தொண்ட ரொம்பத்தான் கட்டியிருந்திச்சி.

— அப்பா...

— போன குடு. ஹலோ, சிந்துஜா அப்பா சடையப்பன் பேசறேன். புரோகிராம் நல்லா ஓடுதுப்பா.

— சா... சார்... வணக்கம் சார்.

— வணக்கம், வணக்கம். ஞாயித்துக்கெழம அப்பா அம்மாவ கூட்டிகினு கீரப்பாளையம் வாங்க. அப்பிடியே சொந்தப் பேரையும் சொல்லிடுங்க மாப்ள, பத்திரிகையில மலர்க்கொடின்னு போட முடியாது பாருங்க.