கேசட்டில் இல்லாத மிச்சம்

பொம்மிடி ஸ்டேஷனில் டிக்கெட் தொலைந்துபோன பீதியில் என்னையே சோதனை போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து பெஞ்சில், டிரங்குப் பெட்டியோடு பெங்களூருக்கு வேலைக்குக் கிளம்பிய அந்தோணி, வழியனுப்ப வந்த சிநேகிதரிடம் சொன்னார்:

“லண்டன் கிட்டார்காரன் அழுவற மாதிரி வாசிப்பான். அமெரிக்காக்காரன் நெஜமாவே அழுவான்டா மாப்ள.”

“அழுது என்னாத்துக்கு? அவன் உச்சிக்குப் போறப்ப உன் கேசட்டு தீந்துபோவுது.”

“ரெக்கார்டிங் கடைக்காரன் சின்ன கேசட்ல பதிஞ்சா நான் என்ன பண்ண? மிச்சத்த நீதான் வாயாலயே வாசிக்கறியே.”

“அது என் மிச்சம்டா. அவன் மிச்சம் என்னான்னு இன்னிவரைக்கும் தெரியல.”

“பெங்களூர்ல முழுசும் கெடைக்கும்.”

“கெடைச்சா தனியா கேட்றாத, அந்தோணி. கிறிஸ்மஸுக்கு வரப்ப எடுத்துட்டு வா. ஒண்ணா கேப்போம்.”

வண்டி வந்தது. டிக்கெட் என் பல்லிடுக்கிலேயே இருந்தது, கடித்தபடியே ஏறினேன். அந்தோணி ஜன்னலில் தலையை நீட்டினார்.

“கேக்கமாட்டன்டா! இப்ப உன் மிச்சத்த வாசி!”

சிநேகிதர் இல்லாத கிட்டாரை மார்போடு அணைத்து, வாயால் வாசித்துக்கொண்டே கூட ஓடிவந்தார். உச்சிக்குப் போகிற நேரத்தில் பிளாட்பாரம் தீர்ந்துவிட்டது.