மாற்று முகவரி

எங்கள் வேலையில் பாதி, முடியாது என்பதை மரியாதையாகச் சொல்வதுதான் ஐயா. பூட்டிய மின்னஞ்சல் தரும் நிறுவனம். வாடிக்கையாளரின் கடிதங்களை எங்களாலேயே படிக்க முடியாது. உதவிப் பிரிவில் எனக்கு இது ஒன்பதாவது வருடம்.

என் தங்கை கணவனை விட்டுப் போவதற்கு முன் எங்களிடம்தான் கணக்குத் தொடங்கினாள். கடவுச்சொல் மறந்தால் இணைப்பு அனுப்புவதற்கு ஒரு மாற்று முகவரி கேட்போம். என்னுடையதைக் கொடுத்தாள். எங்கே குடியிருக்கிறாள் என்று மட்டும் என்னிடம் சொல்லவில்லை. அதில் எனக்கு வருத்தம்தான்.

நாலு மாதம் கழித்து மாப்பிள்ளை வந்து, சோபாவில் உட்கார்ந்து அழுதார்.

"எங்க இருக்கான்னு தெரிஞ்சா போதும் மச்சான். கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வந்துடுவேன்."

ஒருமுறை அவள் கையை உடைத்தவர்தான். ஆனாலும் ஓர் ஆண்பிள்ளை அழுதால் எனக்கு மனசு கேட்காது.

மறுநாள் மதியம், கடவுச்சொல் மறந்துவிட்டதாக அவள் கணக்கில் நானே விண்ணப்பித்தேன். வந்த இணைப்பை அவருக்கு அனுப்பினேன். புதுக் கடவுச்சொல் போட்டால் பழைய கடிதங்கள் திறக்காது. அவள் ரகசியம் பத்திரமாக இருக்கும். இனி வருபவை மட்டும்தான் அவர் கண்ணில் படும்.

மாலையே தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, மெயிலுக்குள்ள போக முடியல. அவர்தான் ஏதோ பண்ணிட்டார். வீட்டுக்காரம்மா நாளைக்கு வாடகைப் பத்திரம் அதுலதான் அனுப்புவாங்க, போன் போட்டா எடுக்க மாட்டேங்கிறாங்க. நீ அங்கதானே இருக்க, நிறுத்தி வைக்க முடியாதா?"

நிறுத்தும் பட்டன் என் திரையிலேயே இருந்தது. அமுக்கினால், அழுதவர் முகத்தில் எப்படி விழிப்பது? ஒன்பது வருடப் பழக்கம், வாயில் தானாக வந்தது.

"எங்க கையில ஒண்ணுமில்லம்மா."

"சரிண்ணா," என்றாள். சின்ன வயதிலிருந்தே என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

பத்திரத்தில் முகவரி இருந்தது. வியாழக்கிழமை காலை அவர் கதவைத் தட்டியிருக்கிறார். அவள் உள்ளேயிருந்து யார் என்று கேட்டாளாம். "அண்ணன் அனுப்பினார்" என்ற பிறகுதான் தாழ்ப்பாளை எடுத்தாள் என்று பக்கத்து வீட்டம்மா சொன்னார். அது பொய்யும் இல்லை.

உடலை அடையாளம் காட்ட என்னைத்தான் அழைத்தீர்கள். காட்டினேன். அவரை அங்கே அனுப்பியதும் நான்தான், ஒப்புக்கொள்கிறேன்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. அவள் கடிதத்தில் ஒரு வரிகூட நான் படித்ததில்லை.