பாதாம் கேக்கின் கடைசித் துண்டு

இல்வாவுக்கு நான் தரவேண்டியிருந்தது முந்நூற்று நாற்பது குரோனா. வாசிக்கும் கண்ணாடி வாங்க அவள் கொடுத்த பணம். பள்ளிக்கூடத்தில் எழுத்து எனக்கு ஏறவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் மறுபடி படிக்க உட்கார்ந்தவனுக்கு எழுத்துக்கு முன்னால் கண்ணாடிதான் வேண்டும் என்று கண்டுபிடித்தது அந்தப் பதினெட்டு வயதுப் பெண்தான். செவ்வாய்தோறும் என் சமையலறைக்கு வந்து, காதருகே குனிந்து, உரக்கச் சொல்லிக்கொடுப்பாள். பதிலுக்குக் காபி குடிப்பாள். நல்ல பெண். பிறகு யாரும் நான் மறைத்தேன் என்று சொல்லக்கூடாது.

என் தொல்லை அவள் அல்ல, மாடிவீட்டு ஸ்தென். அவன் டிராம்போன் ஊதுகிறவன். மரம் அறுக்கும் ஆலையில் இரவு வேலை முடித்து நான் படுக்கிற நேரம்தான் அவன் ஊதுகிற நேரம். மனிதனுக்குத் தூக்கம் வேண்டும். இதில் யாரும் குறை சொல்ல முடியாது.

அந்த வசந்தத்தில் ஆலை முதலாளியின் விதவை ஹெட்விக், ஊர்ப்பிள்ளை ஒருவரை ஸ்காட்லாந்துக்குப் படிக்க அனுப்புவதாக அறிவித்தாள். வடிகட்டியதில் மிஞ்சியது இரண்டு பேர்: இல்வா, ஸ்தென். இல்வாவுக்குக் காடுகளைப் பற்றிப் படிக்க ஆசை. இது தவறினால் அவளுக்கு ஆலைதான் கதி. ஸ்தெனுக்கு என்ன படிக்க ஆசை என்று அவனுக்கே தெரியாது.

நேர்காணல் ஹெட்விக்கின் வீட்டுக் கூடத்தில், காபியும் பாதாம் கேக்குமாக. எங்கள் ஊரில் தட்டில் கிடக்கும் கடைசித் துண்டை யாரும் தொடமாட்டோம். காய்ந்து கல்லானாலும் அது அங்கேயே கிடக்கும். இல்வாவுக்கும் இது தெரியும் என்பதால் நான் கொஞ்சம் உழைக்க வேண்டியிருந்தது.

"ஸ்காட்லாந்துப் பேராசிரியரும் வர்றாராம். அவங்க பக்கம் தட்டைக் காலி பண்ணலேன்னா வீட்டுக்காரங்களை அவமானப்படுத்தின மாதிரி. கடைசித் துண்டை நீ எடுத்துடு. தங்க ஊர் வழக்கம் தெரிஞ்ச பொண்ணுன்னு நினைப்பாரு."

"நிஜமாவா? கை கூசுமே, எவெர்ட்."

"கூசினா ரெண்டே வாயில முழுங்கிடு."

சிரித்தாள். நான் சொன்னால் நம்புவாள்.

அன்று நான் ஆலையிலிருந்து விறகு கொண்டுவந்து அந்தக் கூடத்து அடுப்பருகே அடுக்கிக்கொண்டிருந்தேன். இல்வா என்ன சொன்னாள் என்று தெரியாது; பேராசிரியரின் முகம் மலர்ந்துகொண்டே போனது. பிறகு அவள் கை தட்டுக்குப் போயிற்று. ஹெட்விக்கின் கரண்டி கோப்பைக்குள்ளேயே நின்றுவிட்டது.

இல்வா போனதும் ஹெட்விக் சொன்னாள். அவள் குரல் பெரிது, எனக்கே கேட்டது. "கெட்டிக்காரிதான். ஆனா கடைசித் துண்டுக்குக் கை நீட்டறவ, படிச்சு முடிச்சு இந்த ஊருக்குத் திரும்பி வருவாளா?"

பேராசிரியர் ஏதோ சொல்லப் பார்த்தார். பணம் ஹெட்விக்குடையது.

அடுத்து வந்த ஸ்தெனுக்குப் பாதாம் ஒத்துக்கொள்ளாது. புதுத் தட்டு வைத்தும் அவன் முதல் துண்டையே தொடவில்லை. அடக்கமான பையன் என்று முடிவாயிற்று.

ஆகஸ்டில் அவன் டிராம்போனோடு கிளம்பினான். இல்வா ஆலையில் சேர்ந்தாள். என் பக்கத்தில் நின்று பலகை அடுக்குகிறாள். மரத்தைப் பற்றிப் படிக்க நினைத்தவள், மரத்தோடுதான் இருக்கிறாள். எதுவும் பெரிதாகக் கெட்டுவிடவில்லை. செவ்வாய்க்கிழமை ஒன்றுகூடத் தவறவில்லை. இப்போது தடித்த புத்தகத்துக்கு வந்திருக்கிறோம்.

போன வாரம் முந்நூற்று நாற்பதையும் மேசைமேல் வைத்தேன். எண்ணாமல் எடுத்துக்கொண்டாள்.

"ஸ்தென் போனதுலேர்ந்து வீடு அமைதியா இருக்கு," என்றேன். "அந்த டிராம்போன் சத்தத்துல கண்ணை மூட முடியலை."

இல்வா என் காதருகே குனிந்தாள்.

"பக்கத்துல ரம்பம் ஓடறதே உங்களுக்குக் கேக்காது, எவெர்ட். மாடியில ஊதினதா கேட்டுது?"

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டேன். கடன் தீர்ந்தது. அடுத்த செவ்வாயும் வருவாய்தானே என்று மட்டும் கேட்டுவைத்தேன்.