உப்புச் சேர்க்காத பிஸ்கட்

இவ்வாண்டு பிப்ரவரி மாதம் பதினெட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, என் சமையலறை ஓவனில் பூசணிப் பிஸ்கட் வெந்துகொண்டிருந்தது. என் தங்கை கடைக்குச் சென்றிருந்தாள். அவளுடைய கணவர் பின்முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். மூத்தவனும் இளையவனும், அதாவது என் நாய்கள் இரண்டும், படியருகே அமர்ந்திருந்தன. பிஸ்கட் பொன்னிறமாவதற்குள் மாப்பிள்ளை இறந்துவிட்டார்.

ஆய்வாளர் அவர்களே, இதை நானே எழுத அனுமதித்ததற்கு நன்றி. உங்கள் எழுத்தர் நல்ல பிள்ளைதான்; ஆனால் முதல் அறிக்கையில் "நாய்கள் கடித்தது" என்று எழுதியிருக்கிறார். "கடித்தன" என்று வர வேண்டும். அதே வரியில் "வெறிகொண்டு" என்றும் இருக்கிறது. முன்னது கவனக்குறைவு, மன்னிக்கலாம். பின்னது பொய். அதைத் திருத்துவதற்காகவே இவ்வளவும் எழுதுகிறேன்.

நாய்களைப் பிடித்துச் சென்ற நாளிலிருந்து அவை காப்பகத்தில் எந்த உணவையும் தொடவில்லை என்று நேற்றுச் சொன்னீர்கள். இளையவன் எழுந்து நிற்பதில்லை என்றும், இப்படியே போனால் பிழைக்காது என்று கால்நடை மருத்துவர் கூறியதாகவும் சொன்னீர்கள். அவை நோயுற்றிருக்கவில்லை. ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கின்றன. அச்சொல்லை நான் சொல்லவில்லையெனில் அவை இறந்துவிடும். சொன்னால் என் கதை முடிந்துவிடும். ஏனெனில் பக்கத்து வீட்டுத் தையல்காரர் உங்களிடம் இவ்வாறு கூறியிருக்கிறார்: "அலறல் கேக்குறதுக்கு முன்னாடி அம்மா சன்னல்ல நின்னு ஏதோ சொன்னாங்க. சின்னச் சொல்லுதான். என்னன்னு புடிபடல. மறுபடி காதுல விழுந்தா இதுதான்னு சொல்லிடுவேன்." பதற்றத்தில் கடவுளைக் கூப்பிட்டிருப்பேன் என்று அன்று நான் பதிலளித்தேன். நான் பதறுகிறவள் அல்லள் என்பதைத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள்.

நாய்களுக்கு நானே பிஸ்கட் செய்வது வழக்கம். வேகவைத்து மசித்த பூசணி, ஓட்ஸ் மாவு, ஒரு முட்டை, அவ்வளவுதான். உப்பு கூடாது, சர்க்கரை கூடாது. வெங்காயமும் சாக்லேட்டும் நாய்க்கு நஞ்சு. திராட்சையும் நஞ்சு, காய்ந்தால் இன்னும் கெடுதல். மாவை விரல் கனத்துக்குத் தேய்த்து, ஓரம் வெடிக்காமல் அழுத்தி, ஒடித்தால் ஓசை வரும்வரை உலர்த்த வேண்டும். ஈரல் பிஸ்கட் வேறு வகை. அதன் வாசனைக்கு எந்த நாயும் எதையும் செய்யும் என்பதால், புதிய பாடம் கற்பிக்கும்போது மட்டுமே கொடுப்பேன்.

என் வீட்டில் ஒரே விதி. பிஸ்கட்டை முன்னே வைப்பேன். நான் சொல்லும்வரை தொடக் கூடாது. முதலில் "சாப்பிடு" என்பதே கட்டளையாக இருந்தது. மாப்பிள்ளை எங்களோடு குடியிருக்க வந்த பிறகு அது கெட்டுப்போயிற்று. அவர் ரொட்டிக்கடையின் வண்டி ஓட்டுநர். உரத்த குரல், பெரிய வயிறு, வாயைத் திறந்தால் சாப்பாட்டுப் பேச்சு. "சாப்பிடுங்க அண்ணி, காத்தடிச்சா பறந்துடுவீங்க போல இருக்கே!" என்பார். சுவருக்கு மேல் எட்டி, "என்ன மாஸ்டர், சாப்ட்டாச்சா? இல்ல, ஊசியத்தான் முழுங்குனீங்களா?" என்று தையல்காரரைச் சீண்டுவார். நாய்கள் குழம்பின. எனவே கட்டளையை மாற்றினேன். பேச்சுவழக்கில் எவரும் சொல்லாத ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்தேன். மாற்றியதை அவரிடம் கூறவில்லை.

பெரியவள் என்று ஒருத்தி இருந்தாள், இவ்விரண்டின் தாய். அவளுக்குக் காது மந்தமாகிவிட்டதால் புதுச் சொல்லைக் கற்றுக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை கடையில் விற்காமல் மீந்த பன்களைக் கொண்டுவந்து மேசைக்கடியில் அவளுக்கு ஊட்டினார். அத்தனையும் உலர்திராட்சை பன்.

"கொடுக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறேனே, மாப்பிள்ளை" என்றேன்.

"ஒரு வாய்தானே அண்ணி. கிழவி ஆசையா பாக்குது. வயசான காலத்துல அதுக்கும் நாக்குன்னு ஒண்ணு இருக்குல்ல?"

பெரியவள் வாந்தியெடுத்தாள், பிறகு சிறுநீர் நின்றது, பிறகு மூச்சு நின்றது. மாப்பிள்ளை குழந்தைபோல் அழுதார். குழியை அவரே வெட்டினார். என் காலில் விழப் பார்த்தார், நான் விலகிக்கொண்டேன். அந்த இழப்புக்காக நான் அவரைத் தண்டித்தேன் என்று நீங்கள் எழுத விரும்புவீர்கள். அது சரியன்று. அறியாமல் செய்த பிழையை நான் மன்னித்துவிட்டேன்.

மன்னிக்க இயலாதது பின்னர் நடந்தது. ஒருநாள் பிற்பகல் சமையலறைக்குள் நுழைந்தபோது, அவர் மேசைக்கடியில் கையை நீட்டியிருந்தார். இளையவன் அந்தக் கையிலிருந்து பன் தின்றுகொண்டிருந்தது. நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. சொல் இல்லாமலே தின்றது. என்னைக் கண்டதும் வாலைக்கூட ஒடுக்கவில்லை.

"இவன் என் கட்சி, அண்ணி" என்று சிரித்தார்.

அன்றிரவு நான் நன்றாக உறங்கினேன். என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாகிவிட்டால் எனக்கு உறக்கம் வரும்.

அவருடைய பழைய வேலைக் கோட்டு ஒன்று பரணில் கிடந்தது. அதற்குள் கந்தல் துணியைத் திணித்துப் பின்முற்றத்துக் கம்பத்தில் கட்டினேன். காலருக்குள் ஈரல் பிஸ்கட்டை வைத்துத் தைத்தேன். நாய்கள் அமர்ந்திருக்க வேண்டும். நான் சன்னலிலிருந்து அதே சொல்லைச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகே பாய வேண்டும். மூத்தவன் இடப்பக்கம், இளையவன் வலப்பக்கம். தையல் பிரியும்வரை விடக் கூடாது. பொம்மை அலறாது; மனிதர் அலறுவார். அலறலைக் கேட்டு நாய்கள் தயங்கிவிடக் கூடாதே என்பதற்காகக் கம்பத்தருகே வானொலியை உரக்க வைத்துப் பழக்கினேன். தையல்காரர் அந்த இரைச்சலைப் பற்றித்தான் முறையிட்டார். அவருக்கு என் வருத்தத்தைத் தெரிவியுங்கள்.

மாப்பிள்ளை அந்தப் பொம்மையைப் பார்த்தார். இடுப்பில் கைவைத்து நின்று ரசித்தார். "என்ன அண்ணி, என் கோட்ட போட்டுக்கிட்டு என்னைவிட ஒல்லியா இருக்கான்? வயித்துல இன்னும் கொஞ்சம் திணிங்க. அப்பத்தான் ஆம்பளைக்கு லட்சணம்."

அவர் சொன்னது நியாயமாகப் பட்டது. திணித்தேன்.

பிறகு ஒரு நாள் அவரே தம் புதுக் கோட்டைக் கொண்டுவந்து, "காலர் பிரிஞ்சு தொங்குது அண்ணி. மாஸ்டர்கிட்ட குடுத்தா ஒரு வாரம் இழுத்தடிப்பாரு. நீங்களே ரெண்டு தையல் போட்டுடுங்களேன்" என்றார். போட்டேன். மேலே புதினாத் தைலம் தடவி அவருடைய மூக்கை ஏமாற்றினேன். நாயின் மூக்கை அப்படி ஏமாற்ற முடியாது.

அன்று காலை அவர் வண்டியை நிறுத்திவிட்டு, கோட்டைக் கழற்றாமலே, என் தங்கை துவைத்து வைத்திருந்த போர்வைகளைக் கொடியில் போட வந்தார். அவளுக்கு இடுப்புவலி, ஈரத்துணியைத் தூக்க விடமாட்டார். நாய்கள் அவரைக் கண்டதும் எழவில்லை. ஈரல் வாசனை அவற்றின் முகத்துக்கு நேரே இருந்தது. எச்சில் கற்படியில் சொட்டிற்று. ஆயினும் அசையவில்லை, என் சன்னலையே பார்த்தன. அந்த ஒழுங்கை நீங்கள் பார்த்திருந்தால் "வெறிகொண்டு" என்று எழுத உங்கள் கை எழுந்திராது.

நான் சொன்னேன்.

முதலில் அவர் சிரித்தார். விளையாட்டு என்று எண்ணியிருப்பார். "டேய், டேய், கூசுதுடா!" என்றார். மூத்தவன் இடப்பக்கம், இளையவன் வலப்பக்கம், வரிசை மாறவில்லை. பொம்மை உடனே சாயும். இவர் கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். கயிறு அறுந்து, ஈரப் போர்வை மேலே விழுந்தது. அது வெள்ளைப் போர்வை. கழுத்திருந்த இடத்திலிருந்து சிவப்பு பரவிற்று. துணிக்கும் தோலுக்கும் நாய்கள் வேறுபாடு பார்க்கவில்லை. பார்க்கும்படி நான் பழக்கவில்லை. போர்வை விலகியபோது ஒரு கை என் சன்னலை நோக்கி நீண்டது. "அண்ணி" என்றார். உதவி கேட்டார் என்றே நினைக்கிறேன். மறுமுறை சொல்ல அவருக்குக் குரல்வளை இல்லை.

"போதும்" என்றால் விட்டுவிடவும் அவற்றுக்குத் தெரியும். ஓவனைத் திறந்து, தட்டைத் திருப்பி வைத்துவிட்டு வந்து, அதைச் சொன்னேன். உடனே விட்டன. வாயோரம் ஒழுக, படியருகே வந்து, முன்னிருந்த இடத்திலேயே அமர்ந்தன. தரையில் எலும்பு தெரிந்தது. நான் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு உங்களைத் தொலைபேசியில் அழைத்தேன்.

நேற்று என் தங்கை என்னைப் பார்க்க வந்தாள். எங்கள் தாய் இறந்த பிறகு அவளை நான்தான் வளர்த்தேன். "அன்னிக்கு அவரு இளையவனுக்குத் திராட்சையெல்லாம் பொறுக்கிப் போட்டுட்டுத்தானேக்கா குடுத்தாரு" என்றாள்.

எனக்குத் தெரியும். மேசையில் தட்டு இருந்தது. அதன் ஓரத்தில் திராட்சைகளை ஒன்றுவிடாமல் பிய்த்தெடுத்து வரிசையாக வைத்திருந்தார். அந்நாளில் பிரச்சினை திராட்சை அன்று.

"காப்பகத்துல உன் நாய் ரெண்டும் சாகக் கெடக்குது. என்ன சொல்லணும்னு சொல்லு. நான் போய்ச் சொல்றேன்" என்றாள்.

"நீயா?"

"நாய் என்னக்கா பண்ணும்? நீ வளர்த்தது. நானும் அப்படி வளர்ந்தவதானே."

ஆகவே இறுதியாக முடிவானது இதுதான். கட்டளையின்றி அவை தாக்கா என்பது நிறுவப்பட்டால் கொல்ல வேண்டியதில்லை என்று கால்நடை மருத்துவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். வெளியே விடாமல் காப்பகத்திலேயே வைத்துக்கொள்வார்கள். நாளைக் காலை என் தங்கை அங்கே செல்வாள். தையல்காரரும் உடன் செல்வார். சொல் "உண்க" என்பது. இறுதி எழுத்து தெளிவாக ஒலிக்க வேண்டும். ஒருமுறை சொன்னால் போதும். அது தையல்காரர் காதில் விழுந்ததும் உங்களுக்கு வேறு சாட்சி தேவைப்படாது. இக்காகிதத்தின் அடியில் கையொப்பமிடுகிறேன்.

"வெறிகொண்டு" என்பதை மறவாமல் அடித்துவிடுங்கள். என் நாய்கள் நான் சொல்லாமல் எவரையும் தொட்டதில்லை. அன்றும் நான் சொன்ன பிறகுதான் தொட்டன.