நல்ல நுண்ணுயிர் ஆய்வில் நேர்மை காத்த ஓக்-ரான் அம்மையாருக்கு

எடைமேடையில் ஏற அஞ்சியோரின் அச்சம் அகற்றிய அன்பின் உருவே! ஜியோன்ஜு உடற்பருமன் ஆய்வு மருத்துவமனையில் முப்பத்தோராண்டு முகம் சுளிக்காது உழைத்து இன்று பணி ஓய்வு பெறும் முதுநிலைச் செவிலியரே! பியோன் ஓக்-ரான் அம்மையாரே, வணக்கம்!

நம் புளித்த முட்டைக்கோஸ் ஊறுகாயான கிம்ச்சியில் வாழும் நல்ல நுண்ணுயிரிகள் பருத்த உடலின் சர்க்கரையையும் கொழுப்பையும் சீராக்குமா என்று பன்னிரண்டு வாரம் ஆராய்ந்தோமே, அந்த ஆய்வை மறப்போமா? பாதிப் பேருக்கு நுண்ணுயிர்ப் பொடி, மீதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எதுவென்று எவருக்கும் தெரியாது.

எட்டாம் வாரம், ஆய்வில் சேர்ந்திருந்த டாக்சி ஓட்டுநர் தக் சாங்-மோ தினமும் உண்டதற்குச் சான்றாகக் காலிப் பொட்டலங்களை நீட்டினார். நாளுக்கொன்றாகப் பிரித்தவையல்ல, எல்லாம் ஒரே கத்தரியால் ஒரே வாட்டில் ஒன்றாக வெட்டியவை என்று கண்டுகொண்டீர்கள். "கூட இருக்கறவனுங்க கேலி பண்ணாங்க நர்சம்மா, கொட்டிட்டேன். சாப்பிட்டேன்னே எழுதிடுங்க" என்று கெஞ்சினார். "உங்க உடம்பு உங்களோடது. இந்த நோட்டு ஊருக்கே சொந்தம். சாப்பிடலன்னுதான் எழுதுவேன். நாளையிலிருந்து இங்கயே வந்து சாப்பிடுங்க" என்றீர்கள். அந்த ஏற்பாட்டையும் மறைக்காமல் குறித்து வைத்தீர்கள்.

மருத்துவமனை மேட்டடியில் வண்டியை நிறுத்திவிட்டு அவர் தினமும் மூச்சிரைக்க ஏறி வந்தார். நான்கே வாரத்தில் இடுப்பு இளைத்தது, சர்க்கரையும் இறங்கியது. ஆய்வு முடிந்து, யாருக்கு எது என்ற பட்டியலின் முத்திரை பிரித்துப் பார்த்தால், அவர் உண்டது வெறும் மாவு!

"அட, மாவா என்னை இளைக்க வச்சுது?" என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"நீங்க ஏறுன மேடு" என்றீர்கள்.

அவரைக் கணக்கில் சேர்த்தால் பொடியின் பலன் சிறுத்துத் தெரியும் என்பதால், "அந்த ஆளை விட்டுடலாமே" என்றார் தலைமை மருத்துவர். "கொட்டுனவங்களும் சேர்ந்துதான் சார் நோயாளிங்க. நாளைக்கு இந்தப் பொடியை வாங்கப் போறவங்களும் இவரை மாதிரிதானே இருப்பாங்க?" என்று எழுந்து நின்றீர்கள். பெருமூச்சோடு அவர் இணங்கினார். எடையில் இம்மியளவு, சர்க்கரையில் சற்றே கூடுதல் நலம் என்று உள்ளதை உள்ளபடி வெளியிட்டோம். பலன் சிறிது, ஆனால் எவர் கேட்டாலும் எங்களால் தலைநிமிர்ந்து சொல்ல முடிந்தது.

அம்மையாரே! நாளை முதல் இந்தப் பதிவேட்டில் எழுதுவது எங்கள் கைகள். ஒரு வரியும் பொய்யாகாது என்று உங்கள் முன் உறுதி கூறுகிறோம். நலமும் வளமும் நிறைந்து, நகை மாறா முகத்தோடு நீடு வாழ்க!

என்றும் உங்கள் அன்பில்,
ஆய்வுப் பிரிவுச் செவிலியரும் ஊழியரும்