ஆந்தையின் முகம்

– போனைக் குடு இங்க. நான் படிச்சது சரிதானான்னு பாக்கறேன். "சனிக்கிழமை மேடையில ஆந்தை முகமூடியக் கழட்டும்." இதைப் போட்டது நீதானா?

– நான்தான்க்கா.

– என்னை ஒரு வார்த்தை கேட்டியாடா?

– கேட்டா வேணாம்னுதானே சொல்லுவ.

– சொல்லத்தான் செய்வேன்! ஜன்னலைச் சாத்திக்கிட்டு, ஹெட்போனை மாட்டிக்கிட்டு, இந்த ரூம்ல ஒவ்வொரு பாட்டையும் பெத்துப் போட்டவ நானு. நீ மூஞ்சில ஆந்தைய மாட்டிக்கிட்டு கைய ஆட்டுற. பாடு ஒருத்திக்கு, பேரு ஒருத்தனுக்கா?

– கைய ஆட்டறது லேசா? உள்ள வேர்த்து ஊத்துது, மூச்சு முட்டுது.

– யாரு மாட்டச் சொன்னா உன்னை?

– நீதான். மொத மேடையில ஜனத்தைப் பாத்ததும் வெலவெலத்துப் போயி, பின்வாசல் வழியா ஓடிப் போயி கார்ல உக்காந்துக்கிட்டியே, மறந்துட்டியா? ஸ்பீக்கர் தூக்க வந்தவன் நான். "சும்மா போய் நில்லுடா, பாட்டு தானா ஓடும்"னு முகமூடிய என் கையில திணிச்ச.

– அன்னிக்கு நீ என் மானத்தைக் காப்பாத்துன. இல்லேங்கல. ஆனா இப்ப லட்சக்கணக்குல பேரு உன் பின்னாடி வர்றாங்கல்ல, ருசி கண்ட பூனை ஆயிட்ட.

– ருசியா? இந்தா, இந்த மெசேஜைப் படி. வாய்விட்டுப் படி.

– "ஆந்தை அண்ணா, அம்மா போனதுலேருந்து நான் யார்கிட்டயும் பேசறதில்ல. உங்க பாட்டை மட்டும்தான் கேக்கறேன். நடுவுல யாரோ மூச்சு இழுக்கற மாதிரி ஒரு சத்தம் வருதே, அது என்னண்ணா?"... நீ என்ன பதில் போட்ட?

– காத்துன்னு போட்டேன்.

– காத்தா! அடப்பாவி, அது நான்டா! அன்னிக்கு என்னமோ மனசு சரியில்ல, மைக் ஓடறது தெரியாம அழுது மூக்கை உறிஞ்சிட்டேன். வெட்டி எறிய மனசு வரல, அப்படியே விட்டுட்டேன்.

– எனக்கு எப்படித் தெரியும்? தினம் இப்படித்தான் வருது. ஆளுக்கு ஒரு பொய் சொல்றேன். மேடையில அவங்க கத்தக் கத்த, அடுத்தவன் வீட்ல புகுந்தவன் மாதிரி நிக்கறேன்.

– அதனால இப்ப முகத்தையும் காட்டி, முழுத் திருடனாவே ஆயிடலாம்னு பாக்கற.

– இந்த மெசேஜ் போட்ட பொண்ணு சனிக்கிழமை வருதாம்க்கா.

– வரட்டும்! வந்து உன் மூஞ்சியப் பாத்து ஏமாந்து போகட்டும்! என் பாட்டுடா அது, என் மூச்சு! அதுமேல கொண்டுவந்து உன் முகத்தை ஒட்டறதுக்கு நீ யாருடா?

– கத்தாதக்கா. நான் போட்டதை இன்னொரு தடவை நிதானமாப் படி. ஆந்தை முகமூடியக் கழட்டும்னு போட்டிருக்கேன். உள்ள இருக்கப் போறது என் முகம்னு எங்கயாவது போட்டிருக்கேனா?