காகப்பிள்ளையின் கடைசி விளம்பரம்

விளம்பரம் தொடங்கினால் தேத்தண்ணி போட எழும்பிப் போகிற சனம் நாங்கள். யப்பானில் அப்படியில்லை. அங்கே கைத்தொலைபேசிக் கம்பனிகளின் விளம்பரங்களைத் தொடர்கதை போலப் பார்ப்பார்களாம். ஒரு குடும்பத்தில் அப்பாவாக வருவது வெள்ளை நாய். அது கதைக்கும், பிள்ளைகளை ஏசும். ஏன் நாய் என்று வீட்டில் ஒருவரும் கேட்பதில்லை. ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு நிலக்கீழ் அறையில் வேலையில்லாமல் படுத்திருந்த காலத்தில் அவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்துச் சிரித்தேன். பிறகு அழுதேன். இப்படி ஒன்றைச் செய்யாமலே செத்துப்போய்விடுவேனோ என்ற பயம் என்னைத் தூங்கவிடவில்லை.

வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதலாம் என்று அதிகாரி சொன்னார். நல்லது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஸ்காபரோவில் தென்றல் மொபைல் என்றொரு சின்னக் கம்பனி எனக்கு வாய்ப்புத் தந்தது. யப்பானில் அப்பா நாய் என்றால், இங்கே மகன் காகம். அது மின்கம்பியில் இருந்துகொண்டு வீட்டுக்கு அழைப்பெடுக்கும். "அம்மா, கால் விறைக்குது, சொக்ஸ் கொண்டு வாங்கோ" என்னும். அம்மா ஏசிக்கொண்டே கொண்டு ஓடுவார். 'கூப்பிட்டால் எடுக்கும் உறவு' என்ற வரியோடு விளம்பரம் முடியும்.

அம்மாவாக நடிக்க இராஜேஸ்வரி அன்ரியைக் கேட்டேன். கோயில் நாடகங்களில் நடித்தவர். வோபர்னில் ஒரு மாடிக் குடியிருப்பில் மகள் துர்க்காவோடு இருந்தார். கதையைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது.

"தம்பி கீதன், காகத்துக்குச் சோறு வைக்கிறது செத்த ஆக்களுக்கெல்லோ. பிள்ளையைப் போய்க் காகமாக்கிறியளே."

யப்பான்காரரைப் பார்த்து எழுதியதில் அது எனக்குத் தோன்றவே இல்லை. அன்ரியின் மகன் நிசாந்தன், போர் முடிந்த வைகாசியில் வட்டுவாகல் பாலத்தடியில் சனத்துக்குள் காணாமல் போனவன். துர்க்கா எத்தனையோ முறை திவசம் செய்யக் கேட்டும் அன்ரி சம்மதிக்கவில்லை. நடிக்க ஒப்புக்கொண்டபோது ஒரேயொரு நிபந்தனை வைத்தார். "நடிப்புக்கும் நான் காகத்துக்குச் சோறு வைக்கமாட்டன். அவன் இருக்கிறான்." நானும் தலையாட்டினேன்.

காகத்தைக் கணினியில் பிறகுதான் சேர்ப்போம். வெறும் கம்பியைப் பார்த்துக் கதைக்க அன்ரிக்கு வரவில்லை. ஆகவே கம்பனி தந்த தொலைபேசியால் அடுத்த அறையிலிருந்து நானே அழைப்பெடுத்து, காகம் பேசுவதைப் பேசுவேன். அப்போது அவர் உயிர்ப்போடு நடித்தார். கோயிலில் பிள்ளைகள் என் வசனங்களைச் சொல்லிச் சிரித்ததைக் கேட்டேன். அந்த நாட்களில் நான் சந்தோசமாக இருந்தேன்.

பிறகு சனத்துக்கு அலுத்துவிட்டது. அடுத்ததோடு நிறுத்துவோம் என்று கம்பனி சொன்னது. மறுபடி அந்த நிலக்கீழ் அறைக்குப் போக நான் தயாராக இல்லை. வீட்டில் 'சின்னவன்' என்று கூப்பிடும் நிசாந்தன், பசித்தால் "அம்மோய்" என்று இழுத்துக் கூப்பிடுவான் என்று அன்ரி ஒருநாள் காரில் வரும்போது சொல்லியிருந்தார். படப்பிடிப்பில் பகிடி வசனத்தை விட்டுவிட்டு, "அம்மோய், சின்னவன் கதைக்கிறன்" என்றேன். அன்ரியின் முகத்தில் வந்ததை எந்த நடிகையும் கொண்டுவர முடியாது. ஸ்காபரோ முழுக்க அந்த விளம்பரத்தைப் பார்த்து அழுதது. கம்பனி இன்னும் கேட்டது.

அதன் பிறகு, படப்பிடிப்பு இல்லாத நாட்களிலும் அழைப்பெடுத்தேன். அன்ரியின் முகத்துக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போகக்கூடாதே. அந்தக் கம்பனித் தொலைபேசியின் இலக்கத்தை அன்ரி தன் தொலைபேசியில் 'சின்னவன்' என்று பதிந்து வைத்திருந்தார். சாப்பிட்டியோ என்று கேட்பார். சாப்பிட்டன் என்பேன். அது நான்தான் என்று அன்ரிக்குத் தெரியும். இதை மட்டும் அழுத்தமாக மொழிபெயர்க்கச் சொல்லுங்கள்.

இன்னும் சில விளம்பரங்கள் போனபின், கதையை முடிக்கும் நேரம் வந்தது. நல்ல முடிவு ஒன்றுதான் இருந்தது. அம்மா காகத்துக்குச் சோறு வைக்கவேண்டும். நேரில் கேட்டேன், மறுத்தார். கெஞ்சினேன், அழுதும் பார்த்தேன். "உதைமட்டும் கேளாதையுங்கோ தம்பி" என்றார். வேறு வழி தெரியவில்லை. கீழே காருக்குப் போய் அழைப்பெடுத்தேன்.

"அம்மோய், நான் இல்லை. அண்டைக்கே போயிட்டன். பசிக்குது. சோறு வையுங்கோ."

அன்ரி அழைப்பைத் துண்டித்தார். நான் மேலே வந்தபோது அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது.

தை மாதத்துக் குளிர். துர்க்கா வேலைக்குப் போயிருந்தாள். கமெராவைக் கண்டால் நடிப்பு வந்துவிடும் என்று, விடைபெறுவதுபோல் முன்கதவைச் சாத்திவிட்டு உள்ளேயே திரைச்சீலைக்குப் பின்னால் கமெராவோடு நின்றுகொண்டேன். அன்ரி மெல்லிய சேலையோடு பல்கனிக்குப் போய்ச் சோற்றை வைத்துவிட்டு, "கா, கா" என்று கூப்பிட்டார். கதவிடுக்கால் காற்று இரைந்தது. ஒலி கெட்டுவிடும் என்று கண்ணாடிக் கதவை இறுக்கி உள்ளே பூட்டினேன்.

காகம் வரவில்லை. அன்ரி கதிரையில் இருந்து காத்திருந்தார். அந்த வெளிச்சத்தில் அவர் இருந்த இருப்பு அவ்வளவு அழகு. பிறகு எழுந்து வந்து கதவை இழுத்தார். கண்ணாடியில் தட்டினார். நான் அசையவில்லை, ஏனென்றால் காகம் இன்னும் வரவில்லை. திரும்பிப் போய் இருந்தார். நடுக்கம் முதலில் கூடியது, பிறகு நின்றது. வெளிச்சம் மங்கும்வரை எடுத்தேன். கதவைத் திறந்தபோது அவர் உடம்பு விறைத்திருந்தது.

காகத்தைக் கணினியில் சேர்க்கலாம், அது பெரிய வேலையில்லை.

அவர் என்னை அழைத்தாரா என்று அதிகாரி கேட்டார். என்னை அழைக்கவில்லை. நடுக்கம் நிற்பதற்குச் சற்று முன்னால் சேலைத் தலைப்பிலிருந்து தொலைபேசியை எடுத்துச் சின்னவனைத்தான் அழைத்தார். அது என் கைக்குள் அதிர்ந்துகொண்டே இருந்தது. நான் எடுக்கவில்லை. செத்துப்போன பிள்ளை எப்படி எடுக்கும்?